பூனாகலைக்குக் கொண்டுபோன செய்தி

நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைக்கு வந்தது வேதம் சொல்ல. கணவர் இறந்த பிறகு மிஷன் என்னை அனுப்பிவைத்தது. அப்புத்தளையில் தங்கி, சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் போய், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் பெண்களுக்குச் சுவிசேஷம் வாசித்துக் காட்டுவேன். தோட்டத்துச் சனங்களுக்கு நான் ‘வேதக்கார அம்மா.’

அந்தப் பக்கம் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிக் கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. பதுளையிலிருந்த எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கு அடிக்கடி பஸ்ஸில் போய்வருவேன். கூட வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, மெதுவாக வேதத்துக்கு இழுத்துவிடுவேன். பஸ் நிற்கும்வரை யாரும் எழுந்துபோக முடியாது. அது எனக்கு வசதி.

ஒருநாள் பதுளையிலிருந்து திரும்பும்போது எதிர்ப் பலகை இருக்கையில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பழஞ்சேலை மூட்டை. தெமோதரை தாண்டும்வரை தலை நிமிரவில்லை. பிறகு என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான்.

“நீங்க வேதக்கார அம்மாதானே?”

“ஆமா தம்பி.”

“எங்க தோட்டத்துக்கு வர முடியுமாம்மா? பூனாகலைப் பக்கம்.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கூப்பிட்டு யாரும் என்னை அழைத்துப்போனதில்லை. எதற்கு என்று கேட்டேன். அவன் மூட்டையைத் தடவிக்கொண்டே சொன்னான். அவன் மனைவிக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. காய்ச்சல் கண்டு, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இவன் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். இன்று பார்க்கப் போனால், அவள் இறந்து அடக்கமும் ஆகிவிட்டது. மூட்டையில் இருப்பது அவள் கட்டியிருந்த சேலை.

“அவ அம்மா லயத்துல காத்துக்கிட்டு இருக்கும். ஒத்தப் புள்ளம்மா. என் வாயால சொல்ல முடியல. நீங்க சாமி வார்த்தை சொல்றவங்க. நீங்க சொல்லுங்க.”

நான் அப்புத்தளைக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். பண்டாரவளையில் அவனோடு இறங்கிவிட்டேன். பூனாகலை ரோட்டில் நடந்தோம். என்னென்னவோ வசனங்கள் மனதுக்குள் வந்தன. எதையும் அந்தத் தாயிடம் சொல்ல முடியாது என்று நடக்க நடக்கத் தெரிந்தது.

நாங்கள் போன நேரம் அந்த அம்மா பறித்த கொழுந்தை நிறுவையில் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு லயத்துக்கு வந்துகொண்டிருந்தார். மருமகனைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, உங்க மக போயிட்டாங்க” என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவர் கத்தவில்லை. சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். லயத்தின் பக்கத்து அறைகளான காம்பராக்களிலிருந்து பெண்கள் வந்து ஒப்பாரி வைத்தபோதும் அவர் சேர்ந்து அழவில்லை. பிறகு என்னைக் கேட்டார்.

“கடைசியா யாரு தாயி தண்ணி குடுத்தது?”

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். யாரோ கொடுத்திருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். “தெரியலக்கா. கேட்டு வந்து சொல்றேன்” என்றேன்.

அடுத்த முறை பதுளைக்குப் போனபோது கோயிலுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு கூட்டுகிற பெண்ணுக்கு இறந்துபோன அந்தப் பெண்ணை ஞாபகம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கடைவீதி முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மனைவி இருந்தாராம். கால் புண் ஆறி வீட்டுக்குப் போய்விட்டாராம். கடையை விசாரித்துப் போனேன். வியாபாரியின் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கடைசியாகத் தண்ணீர் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

“நான்தான் குடுத்தேன். ரெண்டு மடக்குக் குடிச்சிச்சி. பொறகு என்னையத் தன்னப் பெத்த உம்மான்னு நெனச்சிக்கிட்டு கையப் புடிச்சிச்சி. நான் இல்லன்னு சொல்லல்ல.”

இதைப் பூனாகலைக்குக் கொண்டுபோய்ச் சொன்னேன். அப்போதுதான் அந்தத் தாய் அழுதார். அழுது முடித்து, “அந்தப் பொம்பளையப் பாக்கணும் தாயி” என்றார்.

அடுத்த சம்பள லீவு நாளில் அழைத்துப்போனேன். அவர் அதுவரை பஸ் ஏறியதில்லை. வளைவுகளிலெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் இரண்டு பெண்களும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்தார்கள். முஸ்லிம் அம்மா கையை நீட்டினார். இவர் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தேத்தண்ணி வந்தது, ஆறிப்போனது. நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

இந்தக் குடும்பம் கர்த்தரிடம் வந்ததா என்று பிறகு எங்கள் சபைப் போதகரான ஐயர் கேட்டார். வரவில்லை என்றேன். அந்தத் தாய் தன் மாரியம்மனைத்தான் கடைசிவரை கும்பிட்டார். மருமகன் சில மாதங்களில் இந்தியாவிலுள்ள தன் ஊருக்கே திரும்பிவிட்டான். அவர் தனியாக அதே காம்பராவில் இருந்து கொழுந்து பறித்தார். அந்தத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன்.

அந்த முஸ்லிம் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பதுளையிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் அவர் வெளியே பார்த்தபடியே வந்தார். பண்டாரவளையில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முக்காட்டை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அவங்க பேரக் கேக்காம வந்துட்டேனே தாயி” என்றார்.

நானும் கேட்கவில்லை. அதைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, பூனாகலை ரோட்டில் மழையோடு நடந்து போனார்.