கினிக்கோழிக்கு அளவெடுத்த தையல்காரி

என் தங்கையைத் தெருவில் எல்லோரும் 'டேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். பல் துலக்கும்போதே அளவு நாடா அவள் கழுத்தில் ஏறிவிடும். இருபத்தாறு வருடமாகத் தையல் வேலை. அக்குளில் பிடிக்கிறது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. என் சட்டைகள் எல்லாம் அவள் தைத்தவைதான், போட்டுப் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் பூச்சித் தொல்லை தாங்காமல், போன வருடம் பன்னிரண்டு கினிக்கோழி வாங்கினாள். சாம்பல் உடம்பு நிறைய வெள்ளைப் பொட்டு, மொட்டைத் தலை, ஓயாத வாய். பூச்சியை நன்றாகவே தின்றன. ஆனால் சாயங்காலமானால் மரத்தில் ஏறிக்கொண்டன. பத்து நாளில் மூன்றைக் காட்டுப்பூனை கொண்டுபோய்விட்டது.

பஸ் ஓட்டும் எங்கள் மாப்பிள்ளை கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒண்ணு போகட்டும், மிச்சத்தை சந்தைக்கு ஏத்திடுவேன். பூனைக்குச் சாப்பாடு போடவா வாங்கினோம்?"

தங்கை முகம் விழுந்துவிட்டது. அவை சன்னலுக்கு வெளியே கத்தினால்தான் அவளுக்குத் தையல் ஓடும். மறுநாளே ஒன்றைப் பிடித்து மடியில் அமுக்கி நாடாவைச் சுற்றினாள்.

"நீளம் இருபத்தொண்ணு. உசரம் பதினஞ்சு. ஒன்பது உருப்படி. தளர்ச்சிக்கு ரெண்டு ரெண்டு இஞ்சு. எழுதிக்கோ அண்ணா."

"ஏம்மா, இது ரவிக்கையா வீடா?"

"அளவு சரியா இருந்தா எதுவா இருந்தா என்ன?"

தச்சன் நானாவது யோசித்திருக்க வேண்டும். அவள் சொன்ன அளவுக்குப் பலகை அறுத்து, ஊசி நுழைய இடுக்கில்லாமல் இழைத்து, சின்னதாக ஒரு கதவும் வைத்துக் கொடுத்தேன். வெளிச்சமும் நுழையவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மூன்று சாயங்காலம் உள்ளே தானியம் போட்டோம். வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டி, எட்டியதைக் கொத்திவிட்டு, மரத்துக்குப் போய்விட்டன.

"மச்சான், உங்க தங்கச்சி தச்சதை போட்டுக்க ஆளில்லாம போனது இதுதான் முதல் தடவை" என்றார் மாப்பிள்ளை.

நான்காம் நாள் தையலை எடுத்துவைத்துவிட்டு, தோட்டத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து மணிக்கு மழை பிடித்தது. ஒன்பதும் வரிசையாக ஓடி, மாப்பிள்ளையின் பைக் நிற்கும் கொட்டகைக்குள் நுழைந்து, கூரைக் கட்டையில் ஏறி உட்கார்ந்தன. கீழே பைக் சீட்டு என்ன கதியானது என்று நான் எழுதப்போவதில்லை.

நனைந்தபடி என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணா, நான் உடம்பை அளந்துட்டேன், பயத்தை அளக்கல! அதுங்களுக்கு இருட்டு ஆகாது. உசரம் வேணும். ஒண்ணு துரத்தினா இன்னொண்ணு விலகி ஓட இடம் வேணும்."

"அப்ப என் வண்டி?" என்றார் மாப்பிள்ளை.

"உங்க வண்டியைப் பூனை தூக்காது. வெளிய நிக்கட்டும்."

கொட்டகையின் திறந்த முகப்புக்குக் கம்பி வலை அடித்தேன். இரண்டு பேர் சேர்ந்து நுழையும் அகலத்துக்குக் கதவு. தலை உயரத்தில் மூன்று கழிகள். தரையில் மணல். வீடு பழக வேண்டும் என்று ஐந்து வாரம் அடைத்தே வைத்தாள்.

திறந்துவிட்ட அன்று மாப்பிள்ளைக்கு விடுமுறை. தற்செயலாம்.

பகல் முழுக்க மேய்ந்தன. பொழுது சாயும்போது ஆறு வந்தன; பின்னாலேயே இரண்டு. ஒன்பதாவது பழைய மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே இருந்தவை கத்திக் கூப்பிட்டன. அதுவும் பதிலுக்குக் கத்தியதே தவிர இறங்கவில்லை. தங்கை மரத்தடியில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"கொட்டகை உள்ள இருட்டாயிடுச்சு. அதான் பயப்படுது" என்றாள்.

மாப்பிள்ளை டார்ச்சை எடுத்துவந்து, வலை வழியாகக் கழிகள் மேல் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் ஆனது.

"கை வலிக்குது. உன் கடைக்குட்டியைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லு."

"சும்மா இருங்க. நீங்க பேசினா அது வராது."

சிறகடித்து இறங்கியது. அவர் காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது; திறந்திருந்த கதவுக்குள் விறுவிறுவென்று ஓடி, மேல் கழிக்குத் தாவியது. தங்கை தாழ் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை டார்ச்சை அணைக்கவில்லை. ஒவ்வொரு தலையாக வெளிச்சத்தை நகர்த்தி எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை.