பந்தயத் தடத்தில் சித்தர்களுக்கு வழிவிட்டேன்

2004-ஆம் ஆண்டு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சென்னையை அடுத்த ஒரு கார் பந்தயத் தடத்தில், முக்காட்டின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுச் சின்ன காருக்குள் உட்கார்ந்திருந்தேன். திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்து, கீழ்பென்னாத்தூர் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் ஒரு குடும்பப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அன்று காலையிலிருந்து நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த வேலை. பம்ப் செட் கடை வைத்திருக்கிறார், ஆனால் மனசு முழுக்கக் கார். தினமும் ஓட்டும் சொந்தக் காரையே கொண்டுவந்து பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகலாம், புதியவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி என்று எங்கோ படித்துவிட்டு உடனே பேரைக் கொடுத்துவிட்டார். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, ஒழுங்காக ஓட்டக் கற்றுத்தருவார்கள், அவ்வளவுதான். அவர் நேரம், கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் கடை ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். "வேடிக்கையாவது பாத்துட்டு வரலாம் வா" என்று மாவுக்கட்டோடு என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார். கொழுந்தன் காரை ஓட்ட, நான் பின் சீட்டில்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் அப்படி இல்லை. பள்ளிக்கு நானே ஓட்டிக்கொண்டு போவேன், நானே ஓட்டிக்கொண்டு வருவேன். அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. அந்த ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மழையில் மகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும்போது, கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் வரும் வளைவில் எதிரே பஸ். பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கார் என் பேச்சைக் கேட்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி நெல் வயல் ஓரத்தில் போய் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மகள் "இன்னொரு தடவை சுத்தும்மா" என்று கைதட்டினாள். அன்றைக்குச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தவள்தான், அப்புறம் தொடவில்லை. தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டே போய் வந்தேன். கார் ஓட்டுவது நமக்கு வராத விஷயம், இத்தனை நாள் தப்பித்ததே பெரிது என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன்.

தடத்தில் பெயர் கொடுக்கும் இடத்தில் அவருடைய மாவுக்கட்டைப் பார்த்ததும், லைசென்ஸ் உள்ள வேறு யாராவது ஓட்டலாம் என்றார்கள். நான் கொழுந்தனைப் பார்த்தேன். "அவன் ஓட்டுனா காரு திரும்பி வராது. நீ ஓட்டு" என்றார் இவர்.

"என் லைசென்ஸ் வீட்ல பீரோவுல இருக்குங்க" என்றேன், தப்பித்த சந்தோஷத்தில்.

மனுஷர் இடது கையால் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். மணிக்கட்டு உடைந்தது வேண்டுமானால் தற்செயலாக இருக்கலாம். இது தற்செயல் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய இன்னொரு கையையும் உடைத்திருப்பேன். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதலில் காரைக் காலி செய்யச் சொன்னார்கள். தளர்வாக ஒரு பொருளும் உள்ளே இருக்கக் கூடாதாம். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, கண்ணாடியில் தொங்கிய ஓதும்போது எண்ணும் தஸ்பீஹ் மணிமாலை, மகளின் ஒற்றைச் செருப்பு என்று எடுக்க எடுக்க வந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து கால் படி வேர்க்கடலைத் தோலாவது வந்திருக்கும். பிரேக், டயர், சீட் பெல்ட் எல்லாம் பார்த்துவிட்டு, முன்விளக்குக் கண்ணாடி உடைந்தாலும் சிதறாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார்கள். நெற்றியில் பிளாஸ்திரி போட்ட பிள்ளை மாதிரி நின்றது எங்கள் கார்.

சொல்லிக்கொடுக்க ஒரு தம்பி பக்கத்தில் ஏறிக்கொண்டார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், காதில் கடுக்கன். பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்தேன். கிளட்ச்சைச் சட்டென்று விட்டதில் அது இரண்டு முறை குதித்து நின்றது.

தடம் வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போகும். ஒவ்வொரு வளைவிலும் உள்ஓரத்தில் ஒரு ஆரஞ்சு நிறக் கூம்பு. வளையும்போது அதை உரசுகிற மாதிரி போகவேண்டும், அப்போதுதான் வளைவு நீளும், கார் நிதானமாகத் திரும்பும் என்றார் தம்பி. தலையை ஆட்டினேன். ஆனால் கை கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டே சுற்றினேன். எனக்கும் கூம்புக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம்.

மூன்றாவது சுற்றில் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "மேடம், அந்தப் பக்கம் அவ்ளோ ரோடு யாருக்கு விட்டு வெச்சிருக்கீங்க?"

"சித்தருங்களுக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் ஊரில் மலையைச் சுற்றி வருகிறவர்கள் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். மலையை ஒட்டிய வலப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் நடந்து வருவார்கள் என்பது நம்பிக்கை. சின்ன வயதில் பௌர்ணமிக்குப் பக்கத்து வீட்டுத் தோழியோடு, வழியில் கொடுக்கும் மோருக்காகவே நானும் போவேன். கொஞ்சம் வலப்பக்கம் போனால் போதும், தோழியின் அம்மா "சித்தருங்க போற வழிடி, இந்தாண்ட வா" என்று கையைப் பிடித்து இழுப்பார். பிற்பாடு நான் கார் பழகியதும் அதே சாலையில், அடி அண்ணாமலை பக்கம்தான். வலப்பக்கம் நம்முடையது இல்லை என்று கையில் அப்படியே ஊறிப்போயிருக்கிறது.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க பாய் வீட்டுக்காரங்கதானே மேடம்?" என்றார்.

"ஆமா. ஆனா திருவண்ணாமலை."

"சரி மேடம். சித்தருங்க உங்க ஊர்லயே இருக்கட்டும். இங்க அந்த எடம் உங்களுது, தாராளமா எடுத்துக்கங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூறல் போட்டது. நனைந்த தடத்தைப் பார்த்ததுமே எனக்கு அந்த ஐப்பசி மழை ஞாபகம் வந்தது. போதும் என்று இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் இறங்கினால் அப்புறம் இந்தப் பிறவியில் ஏறமாட்டேன் என்பதும் நன்றாகத் தெரிந்தது. போனேன். இரண்டாவது வளைவிலேயே நடந்துவிட்டது. வளைந்துகொண்டிருக்கும்போது வேகம் ஜாஸ்தி என்று தோன்ற, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். அதே வழுக்கல், அதே சுற்று. கார் புல்லில் ஏறி, வந்த வழியைப் பார்த்து நின்றது. தூரத்தில் ஒருவர் மஞ்சள் கொடியை ஆட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பஸ் வரவில்லை. எதிரே யாருமே இல்லாத சாலை அது.

தம்பி சாவகாசமாகக் கேட்டார். "இப்ப என்ன பண்ணீங்க மேடம், சொல்லுங்க."

"திரும்பும்போது பிரேக் போட்டேன்."

"அவ்ளோதான். பின்பக்கம் லேசாயிடுச்சு, வழுக்கிடுச்சு. பிரேக்க நேரா போறப்பவே போட்டு முடிச்சிருங்க. அப்புறமா திரும்புங்க. ஸ்டார்ட் பண்ணுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் துடைக்கவும் முடியவில்லை. ஒரு வருஷமாக என் ராசி, என் பயம், பெண்ணாகப் பிறந்தது என்று எதையெதையோ குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் எனக்குத் தெரியாதது ஒரே ஒரு விஷயம். அதுவும் சொல்லித்தந்தால் புரிகிற விஷயம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால், உனக்குக் கணக்கே வராது என்று நான் சொல்வேனா? எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியை எடுத்தேன். அடுத்த சுற்றில் அதே வளைவு வந்தது. நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்தேன், காலை எடுத்தேன், உள்ஓரத்தைப் பார்த்துத் திருப்பினேன். கார் சொன்னபடி கேட்டது. கேட்ட சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே திருப்பிவிட்டேன் போலிருக்கிறது, டமால் என்று ஒரு சத்தம். கூம்பு பம்பருக்கு அடியில் மாட்டிக்கொண்டு தரதரவென்று கூடவே வந்தது. நான் பதறிப்போய்ப் பார்த்தால் தம்பி தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். "இப்பதான்க்கா உள்ள வந்திருக்கீங்க!"

மேடம் அக்காவாகிவிட்டேன். தூரத்தில் என் வீட்டுக்காரர் மாவுக்கட்டுக் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஸ்டெப்னி முதல் ஒற்றைச் செருப்பு வரை எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம். கொழுந்தன் சாவிக்குக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அவனுக்கு ஒரே குஷி, சென்னையில் நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று அங்கேயே கழன்றுகொண்டான். இவர் முன் சீட்டில் ஏறினார். செஞ்சி வரைக்கும் பந்தயக் கதையாகப் பேசிக்கொண்டு வந்தார்.

செஞ்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கீழ்பென்னாத்தூர் நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அந்த வளைவில் எனக்கு யாராவது தைரியம் சொல்லவேண்டும் போலிருந்தது. இவர் ஏதாவது சொல்வார் என்று பக்கத்தில் திரும்பினேன். மனுஷர் மாவுக்கட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்து, நிதானமாக வளைந்து, அவர் தூக்கம் கலையாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் ஓட்டுதலைப் பாராட்டிவிட்டார்கள், ஆனால் என்னை நம்பி அந்த மழையில் ஒருவர் விட்ட குறட்டைதான், இன்றைக்கும் சாவியை எடுக்கும்போதெல்லாம் எனக்குத் தைரியம் சொல்கிறது.