கை வைத்த நாற்காலிகள் பன்னிரண்டு

தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணால் வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்க்கிறார். பன்னிரண்டில் ஏழாவது நாற்காலி ஒரு விரற்கடை முன்னே வந்திருக்கிறது. எழுந்து போய், அதன் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி, விரற்கடை பின்னே வைக்கிறார். திரும்பி வந்து மறுபடி முழங்காலை ஊன்றுகிறார். இப்போது எட்டாவது சரியில்லை.

எங்கள் பொதுக்கூடத்தின் பணியாளர் அவர். கூடத்தைப் பெருக்குவது, மின்விசிறி போடுவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்புதான். ஆனால் என்ன வேலை என்று கேட்டால் "சேர் போடுறேன்" என்பார். ஊரும் அவரை நாற்காலிக்காரர் என்றே சொல்லும். ஐம்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் நாலாக மடித்த அட்டைத் துண்டுகள். எந்த நாற்காலி ஆடினாலும் அவர் கை தானாகப் பைக்குள் போகும், காலுக்கு அடியில் ஒரு அட்டை போகும், ஆட்டம் நிற்கும். அந்தக் கூடத்தில் மாதம் இருமுறை கூடும் வாசகர் சங்கத்துக்கு நான் செயலாளர். பதினோரு வருடமாக அவர் போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்து வருகிறேன். ஆகவே இங்கே எழுதுவதில் பெரும்பாலானவை உட்கார்ந்தபடி பார்த்தவை.

கூடத்தில் மூன்று தினுசு நாற்காலிகள் உண்டு. கை வைத்த மர நாற்காலி பன்னிரண்டு. மெத்தை தைத்த இரும்பு நாற்காலி நாற்பது. மற்றதெல்லாம் பிளாஸ்டிக், அவற்றை எண்ணிச் சொல்லமாட்டார், இத்தனை அடுக்கு என்பார். யாருக்கு எது என்று எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் வாசலில் நுழைகிற யாரும் நாலு எட்டு வைப்பதற்குள் தன் தினுசைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆசிரியர் நேராக மெத்தைக்குப் போவார். தலைமை ஆசிரியர் மெத்தைக்குப் போவதுபோலப் போய், அங்கே நின்று கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். முன்னால் வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால், "இங்கயே இருக்கேனே" என்று இருமுறை சொல்லிவிட்டு, கை வைத்ததில் போய் உட்காருவார்.

"மூணாவது தடவை மட்டும் கூப்பிடவே கூடாது சார்," என்பார் நாற்காலிக்காரர். "ரெண்டோட விட்டா அவரே வந்துடுவாரு. மூணு தடவை கூப்பிட்டுப் பழக்கினீங்க, அடுத்த கூட்டத்துக்கு நாலு எதிர்பார்ப்பாரு."

மரியாதை என்ற ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று நான் நினைத்திருந்தேன். இவர் தினமும் பார்க்கிறார். அதற்கு நான்கு கால், இரண்டு கை. பன்னிரண்டு தடவை தூக்கி இறக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

முதுகைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் இருக்கிறது. "மூஞ்சியப் பாக்காதீங்க சார், அது ஆயிரம் வேஷம் போடும். முதுகப் பாருங்க. முதுகு சாஞ்சிருந்தா, இது நம்ம சேர்தான்னு அந்த ஆள் நம்புறாருன்னு அர்த்தம். சாயலைன்னா, யாரோ வந்து எழுப்பப் போறாங்கன்னு உக்காந்திருக்காரு." இதைக் கேட்ட நாளிலிருந்து என்னால் முதுகை மறந்து எங்கேயும் உட்கார முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் வேண்டுமென்றே நன்றாகச் சாய்ந்து, காலையும் நீட்டி உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்து கதவைப் பூட்டும்போது, "ரொம்ப கஷ்டப்பட்டீங்க போல," என்றார். கேலி செய்தாரா, அனுதாபப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பேராசிரியை எங்கள் சங்கத்தில் பேச வந்தார். மேடை வேண்டாம், முன்வரிசை பின்வரிசை வேண்டாம், மனிதர் எல்லோரும் சமம், அதனால் ஒரே தினுசு நாற்காலியை வட்டமாகப் போடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். நாற்காலிக்காரர் கூடத்தின் நடுவில் ஆணி அடிக்காத குறையாக ஒரு கயிற்றைப் பிடித்து, அளவு பிசகாமல் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். வந்தவர்கள் வட்டத்தைப் பார்த்தார்கள், சுவரோரம் ஒதுங்கினார்கள். பத்து நிமிடம் ஒருவரும் உட்காரவில்லை. எது முன், எது பின் என்று தெரியாமல் எப்படி உட்காருவது? நானும்தான் குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன், மறைப்பானேன்.

பிறகு கூடத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் வந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, நன்றாகச் சுற்றுகிற மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பொருளாளர் அவர் வலப்பக்கம் உட்கார்ந்தார். அவசரப்பட்டதாகத் தெரியக்கூடாதே என்று இரண்டு நொடி தாமதித்து நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். மற்றவர்கள் அவரவர் தகுதிப்படி தள்ளித் தள்ளிப் போய், எதிர்ப்பக்கம் கடைசியாக நிரம்பியது. பேராசிரியை சமத்துவத்தைப் பற்றி ஒரு மணி நேரம், தலைவரின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நாற்காலிக்காரர் நடுவில் ஒரு காரியம் செய்தார். தலைவர் தலைக்கு மேல் இருந்த விசிறியை நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கத்து விசிறியைப் போட்டார். தலைவருக்கு வியர்த்து ஊற்றியது. ஆனால் அவரும் அசையவில்லை, பொருளாளரும் அசையவில்லை, நானும் அசையவில்லை.

"பாத்தீங்களா சார்," என்றார் பிறகு. "வட்டத்துக்கும் தலை முளைச்சிடுச்சு. காத்துக்காக யாரும் அங்க உக்காரல."

இத்தனையும் தெரிந்த மனிதர், தான் மட்டும் எங்கேயும் உட்காரமாட்டார். கூடத்தில் என்றால் கதவு நிலையில் தோளைச் சாய்த்து நிற்பார். பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார். அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். என் சட்டைக்குக் காலர் மாற்றக் கொடுக்கப் போனால், அளவு எடுப்பதற்கு முன் புகார்தான் வரும். "வீட்ல நாலு சேர் கெடக்கு. இந்த மனுஷன் வாசப்படியில உக்காந்து சாப்பிடுறாரு. போன மாசம் காய்ச்சல்னு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு உக்காருங்கங்கறாரு, இவரு 'பரவால்ல டாக்டர், சின்னக் காய்ச்சல்தான்'னு நின்னுட்டே இருக்காரு. உக்காரணும்னா பெரிய காய்ச்சலா வரணுமா?"

நானும் ஒருமுறை கிண்டலாகத்தான் கேட்டேன், உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று. துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துவிட்டுச் சொன்னார்.

"வேலைக்குச் சேந்த புதுசு சார். பெருக்கி முடிச்சிட்டு, யாரும் இல்லையேன்னு இந்தக் கை வச்சதுல ஒண்ணுல உக்காந்தேன். நல்லா சாஞ்சு. அப்போ இருந்த தலைவர் உள்ள வந்தாரு. திட்டல. முன்னாடி வந்து நின்னு சும்மா பாத்தாரு, அவ்வளவுதான். திட்டியிருந்தா மறந்திருப்பேன்." துணியை மறுபடி விரித்துக்கொண்டே, "உக்காந்தாதானே சார் எழுப்புவாங்க. நிக்கிறவன யாரு என்ன பண்ண முடியும்?" என்றார். அதற்குமேல் எனக்குக் கிண்டல் வரவில்லை.

இந்த வருடம் அவர் மகள் இயன்முறை மருத்துவப் படிப்பை முடித்தாள். வகுப்பில் இரண்டாமிடம். பட்டமளிப்பு விழாவை எங்கள் கூடத்தில் நடத்துவதென்று கல்லூரி முடிவு செய்தது. அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருக்கிறது. மேடையில் பெயரைக் கூப்பிட்டதும், கீழே அந்தப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் எழுந்து நிற்க வேண்டும், கூட்டம் அவர்களைப் பார்த்துக் கை தட்டும், பிறகுதான் சான்றிதழ். முதல் மூன்று இடம் வாங்கியவர்களின் பெற்றோருக்கு முன்வரிசையில் கை வைத்த நாற்காலி.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு மகள் என்னைத் தேடி வந்தாள். "மாமா, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாரு. நான் சொன்னா சிரிச்சிட்டுப் போயிடறாரு."

"என்ன சொல்லணும்மா?"

"உக்காரச் சொல்லுங்க. ஸ்கூல்ல நான் பேச்சுப் போட்டியில பரிசு வாங்கினப்போ, பின்னாடி கதவோரமா நின்னாரு. மேடையிலேர்ந்து வரிசை வரிசையாத் தேடினேன், காணோம். அது போகட்டும். இப்போ பேரக் கூப்பிட்டா எந்திரிக்கணும் மாமா. இவரு மொதல்லேர்ந்தே நின்னுட்டு இருந்தா, எனக்காக எந்திரிச்சாருன்னு யாருக்குத் தெரியும்?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "எனக்கே தெரியாதே."

அவரிடம் சொன்னேன். சாக்குகள் தயாராக இருந்தன. அன்றைக்கு யார் நாற்காலி பார்ப்பது? நான் பார்க்கிறேன் என்றேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பதினோரு வருடத்தில் நான் ஒரு நாற்காலியைக்கூடத் தூக்கியவன் இல்லை. இரண்டு சாயங்காலம் எனக்குப் பயிற்சி நடந்தது. "இழுக்காதீங்க சார், தூக்குங்க. தரை அழுவுது பாருங்க." பயிற்சி முடிந்த பிறகுதான் உண்மையான கவலை வெளியே வந்தது. "மேடைக்கு ஆறு போயிடும். கீழ மூணு ஜோடிக்கு ஆறு. பன்னெண்டும் தீந்துடுச்சு. தலைவர் வந்தா எதுல சார் உக்காருவாரு?"

"மெத்தையில உக்காரட்டும்."

"தலைவரா?" என்றார். நான் ஏதோ அவரைக் கூரைமேல் உட்கார வைக்கச் சொன்னதுபோல இருந்தது அந்தக் கேள்வி.

விழா அன்று காலை ஏழு மணிக்கே வந்து, புதுச் சட்டையோடு முழங்காலை ஊன்றி வரிசை பார்த்தார். பத்து மணிக்கு மனைவி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். உட்கார்ந்தார் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. நாற்காலியின் விளிம்பில் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு இடம் எடுத்துக்கொண்டார். முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம்.

வரவேற்புரை பாதி நடக்கும்போது தலைவர் வந்தார். எப்போதும்போல முன்வரிசைக்கு நடந்தார். ஆறு நாற்காலியும் நிரம்பியிருப்பதைப் பார்த்தார். அதில் ஒன்றில் நாற்காலிக்காரர் இருப்பதையும் பார்த்தார். நல்ல மனிதர்தான், கோபமெல்லாம் இல்லை; உலகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறிப்போயிருக்கிறது, என்னவென்று புரியவில்லை என்கிற மாதிரி நாற்காலிக்காரர் முன்னால் நின்று, சும்மா பார்த்தார்.

நாற்காலிக்காரரின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைகளை அழுத்தின. முழங்கால் நிமிரத் தொடங்கியது. மனைவி அவர் சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டார். மேடையின் ஓரத்தில் மற்ற மாணவிகளோடு நின்றிருந்த மகளின் முகம் வெளுத்துவிட்டது.

நான் ஓடினேன். மெத்தை நாற்காலி ஒன்றைப் பிடித்து, படித்ததெல்லாம் மறந்துபோய், தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். கூடமே திரும்பிப் பார்த்தது. நாற்காலிக்காரர் கண்ணை மூடிப் பல்லைக் கடித்தார். அந்தச் சத்தத்தில் எழுந்திருக்க மறந்துவிட்டார்.

"உக்காருங்க தலைவரே," என்றேன்.

"இருக்கட்டும், நின்னுக்கறேனே."

"உக்காருங்க தலைவரே."

"பரவால்ல, இங்கயே நின்னுக்கறேன்."

மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை. அவரே உட்கார்ந்தார்.

முதலிடம் பெற்றவனின் பெற்றோர் எழுந்தார்கள், கூட்டம் கை தட்டியது, அது முடிந்தது. அடுத்து அவர் மகளின் பெயர். மனைவி சட்டென்று எழுந்துவிட்டார். அவரும் எழுந்தார். எழுந்தவர், முப்பது வருடப் பழக்கம், உடனே திரும்பிக் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை நேராக்கத் தொடங்கினார். கை தட்டிய கூட்டத்துக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. மேடையில் சிறப்பு விருந்தினர் சான்றிதழை நீட்டினார். மகள் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, கீழே அப்பாவையே பார்த்தபடி நின்றாள். கைதட்டல் கொஞ்சம் தடுமாறியது.

"ஏங்க," என்றார் மனைவி. "அது இருக்கட்டும். அங்க பாருங்க."

நிமிர்ந்து திரும்பினார். அப்போதுதான் அவள் கையை நீட்டினாள். நான் கை தட்டக்கூட மறந்து நின்றேன்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெற்றோரும் எழுந்து, உட்கார்ந்தும் விட்டார்கள். இவர் நின்றுகொண்டே இருந்தார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்த பிறகு உட்கார்ந்தார். முதலில் விளிம்பில்தான். பிறகு கொஞ்சம் உள்ளே நகர்ந்தார். முதுகு மெல்லப் பின்னால் போய்ச் சாய்மானத்தைத் தொட்டது. அந்தக் கனத்தில் நாற்காலி ஒரு பக்கமாக லேசாக ஆடியது. பக்கத்திலிருந்த தலைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நாற்காலிக்காரரின் கை சட்டைப் பைக்குப் போகவில்லை.