ஆளுக்கு அரை லிட்டர்

சில வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம், நானும் என் ஸ்ரீரங்கத்து நண்பனும். பச்சைமலையில் நடந்து ஏறுவதாகத் திட்டம். சுமையைக் குறைத்து நடக்க வேண்டும் என்று அவனுக்கு அப்போது ஒரு பைத்தியமே பிடித்திருந்தது. டூத்பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட அறுத்து எறிந்திருந்தான். சமையலறைத் தராசில் சட்டையை நிறுப்பான். அவன் மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

என் பையைப் பிரித்துப் பார்த்தவன், இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில்களை எடுத்து டீக்கடையில் கொடுத்துவிட்டான். "நாம தூக்கிட்டுப் போறது சாமான் இல்லடா, பயம். அதை இறக்கி வச்சிட்டா மலை தன்னால ஏறும். வழியில ஓடை இருக்கு பாரு" என்று போனில் வரைபடத்தைக் காட்டினான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆளுக்கு அரை லிட்டரோடு கிளம்பினோம். தினமும் காவிரிப் பாலத்தைக் கடக்கிறவர்கள் நாங்கள். ஆறே மணலாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, போனில் தெரிந்த நீலக் கோடு ஒன்றை நம்பினோம் பாருங்கள்.

ஓடையில் வெறும் கல்தான் கிடந்தது.

உச்சி வெயிலில் அவனுக்கு வியர்ப்பது நின்றுபோனது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. என்னைத் தன் அண்ணன் என்று நினைத்து ஏதேதோ பேசினான். பிறகு பேச்சே இல்லை. செத்துவிடுவான் என்றே நினைத்தேன். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சத்தம் கேட்டு ஒரு பெண் வந்தார். கீழே கிணற்றிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து போகிறவர். எதுவும் கேட்காமல் குடத்தை அப்படியே அவன்மேல் கவிழ்த்தார்.

"வீட்டுக்குத் தண்ணி வேணுமேக்கா" என்றேன், புத்தி கெட்டுப்போய்.

"இன்னொரு நடை போய்க்கிறேன். மொதல்ல ஆளைப் பாருங்க."

அவர் ஊரிலிருந்து கூட்டி வந்த ஆட்கள் வேட்டியில் தூளி கட்டி, அவனை ரோடு வரை சுமந்தார்கள்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றைய சூட்டில் கிட்னி இரண்டும் போய்விட்டன. வாரந்தோறும் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்திருக்கிறார். அதைத் தாண்டினால் மூச்சு முட்டும். அவன் வீட்டில் நான் தண்ணீர் கேட்பதே இல்லை. அவனே செம்பை என் பக்கம் தள்ளி, "குடிடா, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்பான். அதைக் கேட்க எனக்கு அழுகை வரும்.

இப்போது தென்னூரிலிருந்து மார்க்கெட்டுக்குப் போனாலும் என் பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருக்கும். ஒன்று எனக்கு, மற்றது வழியில் விழுந்து கிடக்கும் யாருக்காவது. பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பயத்தை நான் இறக்கி வைப்பதாக இல்லை.