வெள்ளை மேல் வெள்ளை

"யோவ், எந்தக் கிறுக்கன்யா இந்த ஆப்ப செஞ்சது?"

அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது என் கைப்பேசிக்கு வந்த அழைப்பு இது. வணக்கம் இல்லை, யார் பேசுகிறார் என்பதும் இல்லை. நான்தான் செய்தேன் என்று சொன்னேன். அதற்காகவே காத்திருந்ததுபோல் அந்த ஆள் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் திட்டினார்.

அவருக்குப் பரங்கிப்பேட்டை. காய்ச்சலில் அனலாய்க் கொதிக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் வந்திருக்கிறார். அந்த கிளினிக்குக்கு டோக்கன் போடும் ஆப்பை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். வீட்டிலிருந்தே டோக்கன் போட்டதில் பதினொன்றாம் எண் என்று, கீழே என் போன் நம்பரோடு, மெசேஜ் வந்திருக்கிறது. நேரம் பார்த்துக் கிளம்பி வந்தால், அந்த எண் செல்லாது, சீட்டு வாங்குங்கள் என்று நாற்பத்து மூன்றாம் எண் சீட்டைக் கையில் திணித்திருக்கிறார்கள். உள்ளே எந்த எண் போகிறது என்றாவது பார்ப்போம் என்று ஆப்பைத் திறந்திருக்கிறார்.

"சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வெள்ளையா கெடக்குதுய்யா. ஒரு எழுத்து இல்ல, ஒரு நம்பர் இல்ல. பட்டன் மட்டும் நிக்கிது. இத வச்சிக்கிட்டு நான் என்னாத்த பாக்குறது?"

அவரை லைனில் வைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்த இன்னொரு போனில் ஆப்பைத் திறந்தேன். திரையை வாசிக்கும் குரல், இப்போது உள்ளே எண் ஒன்பது, அடுத்து எண் பத்து என்று கணீரென்று சொன்னது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றேன். ஒனக்குக் கண்ணு கிண்ணு இருக்குதா இல்லியா என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

இல்லை. பிறவியிலேயே இல்லை. ஆனால் என் வாழ்நாளில் அந்தக் கேள்வியை அந்தத் தொனியில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசவு அது. எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

கடலூரில் ஓர் அலுவலகத்தில் நான் டெலிபோன் ஆபரேட்டர். எல்லார் பையிலும் ஒரு போன் வந்த பிறகு என் மேசைக்கு அழைப்பு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. நாளைக்கு நான்கு வந்தால் ஜாஸ்தி, அதில் இரண்டு ராங் நம்பர். போகிறவர் வருகிறவர் எல்லாம் தோளைத் தட்டி, எப்படிப்பா இருக்கே என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வேலை என்று ஒன்றை மட்டும் யாரும் தரமாட்டார்கள். சும்மா உட்காரவைத்துச் சோறு போடுவதற்கு இந்த ஊரில் மரியாதையான பெயர் அரசாங்க உத்தியோகம். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான், காதில் ஒரு பக்கம் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆப் எழுதக் கற்றுக்கொண்டேன். ராஜினாமாக் கடிதத்தையும் எழுதி வைத்திருந்தேன். இந்த டோக்கன் ஆப் மூன்று மாதம் ஒழுங்காக ஓடிவிட்டால் கடிதத்தைக் கொடுத்துவிட்டு முழுநேரமும் இதில் இறங்கிவிடுவது என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன். அந்த அழைப்பு வந்தபோது கெடுவுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

நான் எழுதுவது இப்படித்தான். அடிக்கும் ஒவ்வொரு வரியையும் கம்ப்யூட்டர் என் காதில் வாசிக்கும். மற்றவர்களுக்குப் புரியாத வேகத்தில் அதை ஓடவிட்டுக் கேட்பேன். ஓர் அடைப்புக்குறி குறைந்தாலும் காது பிடித்துவிடும். போனில் விரலைக் கண்ணாடி மேல் நகர்த்தினால், விரலுக்கு அடியில் இருப்பதைக் குரல் சொல்லும். நிறம் மட்டும்தான் காதுக்கு வராத சங்கதி. எனக்கு நிறம் என்பது கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ஆறு எழுத்துக் குறி. கருநீலத்துக்கு ஓர் ஆறு, வெள்ளைக்கு ஓர் ஆறு. எந்த ஆறின் மேல் எந்த ஆறு நிற்க வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டு போடுவேன். போட்டுவிட்டு என் மனைவியிடம் காட்டுவேன். அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர், கண் நன்றாகத் தெரியும். எல்லாம் தெரியுது என்று அவள் சொன்ன பிறகுதான் ஆப் வெளியே போகும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். ரசாயன ஆலைகள் இருக்கும் செம்மங்குப்பத்தை மூக்கே சொல்லிவிட்டது. முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ்ஸின் சத்தம் மாறும் வரை, அந்த ஆள் போனில்தான் கோளாறு இருக்கவேண்டும் என்று எனக்குள் வாதாடிக்கொண்டே போனேன். ஆப் ஸ்டோரில் என் ஆப்புக்குக் கீழே வந்திருந்த பாராட்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம். பார்வையற்ற சகோதரரின் சாதனைக்குத் தலைவணங்குகிறேன் என்று ஒருவர். தன்னம்பிக்கையின் சிகரம் என்று இன்னொருவர். அதுவரை இனித்த வரிகள்தான். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அதில் ஒருவர்கூட டோக்கனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிளினிக்கில் நுழையும்போதே சீட்டுக் கிழிக்கும் சத்தம் கேட்டது. டோக்கன் கொடுக்கும் அம்மாவிடம் போய் நின்றேன். சுவரில் பார்வையற்ற இளைஞர் உருவாக்கிய ஆப் என்று பெரிதாக எழுதி ஒட்டியிருப்பதாக முன்பே பெருமையாகச் சொன்னவர் அவர். சீட்டு எதற்கு என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் நகராமல் நிற்கவும் குரலை இறக்கிக்கொண்டார்.

"கோச்சிக்காதீங்க தம்பி. மொத மாசம் நல்லாத்தான் தெரிஞ்சிது. நீங்க ஏதோ புதுசா மாத்தி அனுப்புனீங்கள்ல, அதுலேர்ந்து ஒண்ணுமே தெரியல. டாக்டருதான், பாவம், அந்தத் தம்பி மனசு நோவக்கூடாது, சீட்டு குடுத்துக்கங்கன்னாரு. நீங்க ஊர்லேர்ந்து பாப்பீங்கன்னுட்டு நான்தான் அப்பப்ப நம்பரு ஏத்துற பட்டன அமுக்கி வுடுவேன்."

காதில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றியதுபோல் இருந்தது. இரண்டு மாதமாக மாலைதோறும் கடலூரில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த எண்களைக் கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று குரல் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் ஒரு குழந்தை, ஒரு தாய், என்னால் வரிசையில் நிற்காமல் தப்பித்தவர்கள் என்று நினைத்து மகிழ்ந்திருக்கிறேன். அத்தனையும் பொய். பொம்மைக் காரில் குழந்தையை உட்காரவைத்துப் பின்னாலிருந்து யாரோ தள்ளியிருக்கிறார்கள். என்னிடம் இரண்டு சுடுசொல் சொல்ல மனம் வராத இந்த நல்லவர்களால், காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்குழந்தை முப்பது பேருக்குப் பின்னால் காத்துக் கிடந்தது. அந்தப் பாவம் யார் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவரைப் பார்க்காமலே திரும்பினேன். பார்த்திருந்தால் வாயில் என்ன வந்திருக்குமோ.

வீட்டுக்கு வந்து எழுதிய வரிகளைக் கேட்டேன். தப்பு இரண்டாவது நிமிடத்தில் அகப்பட்டது. புது வடிவத்தில் வரிகளின் இடத்தை மாற்றும்போது, பின்னணிக்குக் கருநீலம் சொல்லும் வரி விழுந்துவிட்டிருந்தது. எழுத்து வெள்ளை, இப்போது பின்னணியும் வெள்ளை. வாசிக்கும் குரலுக்கு இரண்டும் ஒன்றுதான், அது பாட்டுக்கு வாசித்தது. சரிசெய்ய ஒரு வரி போதும். யாராவது சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

மனைவி பள்ளியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன். நீதானே பார்த்தாய், எல்லாம் தெரிகிறது என்று நீதானே சொன்னாய் என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும். அவள் சுவரில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நான் பாக்குறதுக்குள்ள நீங்க டாக்டர்கிட்ட போன போட்டு ரெடின்னு சொல்லிட்டீங்க. அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சீங்க. அப்ப தெரியுதுன்னுட்டேன், நாளைக்கி சொல்லிக்கலாம்னு வுட்டேன். மறுநாளு கிளினிக்குல சூப்பரா இருக்குன்னுட்டாங்க. அப்பறம் எந்த வாயால சொல்றது?"

கல்யாணமாகி ஆறு வருடம். உப்பு ஜாஸ்தி என்று நான் சொன்னால் மூன்று நாள் பேசாமல் இருக்கிறவள். என்னைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. அவளும் தோளைத் தட்டுகிறவர்களில் ஒருத்திதானா என்ற நினைப்பு வந்ததும் கோபத்துக்கு நடுவே பயம் வந்துவிட்டது. இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"உருவாக்கியவர்னு உங்க போட்டோ ஒண்ணு போட்டிருக்கீங்கல்ல," என்றாள். "அது தலைகீழா நிக்கிது."

ஐந்து நட்சத்திரம் கொடுத்த அத்தனை பேரும் நான் வவ்வால் மாதிரித் தொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் தலைவணங்கியிருக்கிறார்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

ஆப்பை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டேன். மருத்துவர் பதறிப்போய் அழைத்தார். நல்ல மனிதர்தான், ஏழைப் பிள்ளைகளிடம் பணம் வாங்காதவர், அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. உனக்கு உதவணும்னுதானேப்பா செய்தோம் என்றார்.

"எனக்கு உதவி வேணாம் சார். கம்ப்ளெயின்ட் வேணும்," என்றேன். ஒன்று சீட்டு இருக்கட்டும், இல்லை ஆப் இருக்கட்டும், இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாது என்றும் சொன்னேன். அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சரி, சீட்டை எடுத்துவிடுகிறேன் என்றார்.

வரியைச் சேர்த்தேன், போட்டோவைத் தூக்கினேன். புது வடிவத்தை முதலில் பரங்கிப்பேட்டைக்காரருக்குத்தான் அனுப்பினேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாகச் சொன்னார், உடனே ஆரம்பித்துவிட்டார். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. என் எண்ணும் உள்ளே போகும் எண்ணும் ஒரே நிறத்தில் இருந்தால் எப்படியய்யா கண்டுபிடிப்பது. திரும்பிப் போகிற பட்டன் எங்கே. நான்கு நாள் அவர் திட்டத் திட்ட நான் திருத்தினேன். அந்த நான்கு நாளில் நான் கற்றது அதற்கு முந்தின இரண்டு வருடத்தில் கற்றதைவிட அதிகம். சவூதியில் பதினைந்து வருடம் மேஸ்திரியாக இருந்தவராம். தப்பைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

சீட்டை நிறுத்திய முதல் நாள் நானும் சிதம்பரம் போனேன். மகளைத் திரும்பக் காட்டுவதற்கு அவரும் வந்திருந்தார். யாரையோ நகரச் சொல்லி அதட்டும் குரலை வைத்தே தெரிந்துகொண்டு, எழுந்து போய் நான்தான் அந்த ஆப் செய்தவன் என்றேன். ஆசையாகத்தான் போனேன், கையில் வெள்ளை ஸ்டிக் இருந்தது எனக்கு மறந்தே போயிற்று.

"நீங்களா தம்பி," என்றார். யோவ் போய்விட்டது. "அல்லா... எனக்குத் தெரியாதுங்க. செவுத்துல ஒட்டியிருந்தத நான் படிக்கல. ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க. ஆப்பு சூப்பரா இருக்குது தம்பி. ஒரு கொறையும் இல்ல."

எழுத்து போதுமா, நிறம் சரியா, முந்தாநாள் சொன்ன பட்டன் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சூப்பர் என்றார். பிடித்து உலுக்கலாம் போல் இருந்தது. என் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அதன் பிறகு எத்தனை தடவை அனுப்பியும் அவரிடமிருந்து கூப்பிய கை படம்தான் வருகிறது.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். இனி எந்த வடிவத்தை யாரிடம் கொடுத்தாலும் அதில் ஒரு தப்பைத் தெரிந்தே வைத்துத்தான் கொடுப்பேன். பட்டனைப் பாதி வெட்டிவைப்பேன், இல்லை ஒரு வரியை இன்னொன்றின் மேல் ஏற்றிவைப்பேன். அதைச் சொல்கிறவர் என் ஆள். அருமை என்கிறவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த முறை அனுப்பமாட்டேன். குரூரமான பழக்கம் என்று ஒரு நண்பன் சொன்னான். இருக்கலாம். முதல் வாரத்தில் எட்டுப் பேரிடம் கொடுத்தேன், எட்டுப் பேரும் அருமை என்றார்கள்.

ஒன்பதாவதாக மனைவியிடம் நீட்டினேன். கீழேயிருந்த பட்டனை வெட்டி வைத்திருந்தேன். அவள் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"கீழ இருக்கிற பட்டன் பாதிதான் தெரியுது," என்றாள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், "இந்தக் கலரு கண்றாவியா இருக்கு. யாரு போடச் சொன்னா? தேதி ரெண்டு எடத்துல வருது. எங்க ஸ்கூல் புள்ளைங்ககூட இத வுட நல்லா பண்ணும்," என்றாள்.

அந்த நிறத்தை மூன்று நாள் படித்து ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நிறத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று நானே கேட்டுவிட்டேன். விளக்கு வைக்கும் நேரம் வரை சண்டை போட்டோம். கடைசியில் அவள் சொன்ன நிறத்தைத்தான் போட்டேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தை மேலதிகாரியிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார்.

"ஏம்பா, இங்க ஒன்ன யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?"

"பதினோரு வருஷமா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல சார்," என்றேன். "அதான் போறேன்."