வாழை பன்னிரண்டு, எலுமிச்சை ஒன்று

போதும். இரண்டு வருடமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். காதர் பாயைப் பற்றி நம் குடியிருப்பில் எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள். இனி நான் சொல்கிறேன்.

செய்தி வந்தபோது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எங்கள் கம்பெனி ஆய்வுக்கூடத்தில், ஒரு தண்ணீர் சாம்பிளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நம் பூங்காத் தோட்டத்தை உண்டாக்கிய காதர் பாய் காலமானார் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நான் கை கூப்பவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோதனையை முதலிலிருந்து செய்தேன். மூன்று முறை செய்ததில் மூன்று விடை வந்தது.

மறுநாள் செயலாளர் வீடு தேடி வந்தார். "நீங்க படிச்சவரு சார். மோட்டார் ரூம் கதவுல ஒட்ற மாதிரி நல்லதா எழுதிக் குடுங்க. யார் மனசையும் நோகடிக்காத மனுஷன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கணும்" என்றார். இதுவரை நான்கு தாளைக் கிழித்திருக்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மனை விற்றவர்கள் பூங்கா என்று விட்டுப்போன இடம் வெறும் சீமைக் கருவேலங் காடு. பழவேற்காட்டில் பிறந்து, இங்கே உருக்காலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பாய், ஒற்றை ஆளாக அதை வெட்டத் தொடங்கினார். பிறகுதான் நாம் வெட்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தோம். ஆனி மாதக் கடைசி ஞாயிறு, ஆடி விதைப்புக்கு முன், மோட்டார் ரூம் கதவில் ஒரு தாளை ஒட்டுவார். ஆலையின் பழைய ஷிப்ட் அட்டவணை. அதன் பின்பக்கம் தச்சர் பென்சிலில் வரும் வருடத்துத் தோட்டம் இருக்கும். குறிக்கோள் மூன்றுதான். நான்காவது சொன்னவரை உட்காரச் சொல்லிவிடுவார். "ஒண்ணு கண்டிப்பா வரணும். ஒண்ணு வந்தா வரட்டும். ஒண்ணு, கேட்டவன் சிரிக்கணும்" என்பது அவர் கணக்கு.

ஒரு வருடம் சிரிக்க வேண்டிய குறிக்கோள், கரி படியாத வெண்டைக்காய். உருக்காலைப் புகைக்கு இந்தப் பக்கம் துணியே கறுத்துப்போகும். சிரித்தோம். அவர் ஆளுக்கொரு ஈரத்துணி கொடுத்து முறை போட்டார். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், அயர்ன் பண்ணிய சட்டையோடு நின்று, வெண்டை இலைகளைக் குழந்தை முகம் துடைப்பது போலத் துடைத்திருக்கிறேன். காய் பச்சையாகவே வந்தது. அதை மறைக்கமாட்டேன்.

ஆனால் குறிக்கோளுக்கு முன்னால் அந்தத் தாளில் வேறொன்று இருக்கும். போன வருடம் செத்தவற்றின் பட்டியல். "செத்தத சொல்லாம வெதையத் தொடாதே" என்பார். யாரால் செத்ததோ அவரே எழுந்து தன் வாயால் காரணம் சொல்ல வேண்டும். தாளில் 'நான்' என்று மட்டும் அவரே எழுத வேண்டும். பெயர் எழுதினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "பேரு போட்டா அது கேசு நைனா. நான்னு போட்டாத்தான் தோட்டம்" என்றார். ஊருக்குப் போய்விட்டதில் பாகற்கொடியைக் காயவிட்ட செயலாளர்கூட நெளிந்துகொண்டே எழுந்து எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு வருடம் மூன்றாவது குறிக்கோளாகக் கிழக்கு மூலையில் பன்னிரண்டு வாழைக்கன்று என்று எழுதினார். நான் சிரிக்கவில்லை. மோட்டார் தண்ணீரை ஒரு வாரம் சோதித்தேன். உப்பு. கிழக்கு மூலையில் வாழை நிற்காது என்று கூட்டத்தில் தாளோடு எழுந்து சொன்னேன்.

"இன்னா வாத்தியாரே, ஒரு வாரம் குந்திக்கினு டெஸ்ட் பண்ணியே, வாழைக்கு உன் பேப்பரு படிக்கத் தெரியுமா?" என்றார் பாய்.

அன்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள், வாழையைப் பார்த்து அல்ல. யார் யார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும்.

கார்த்திகையில் இலை ஓரங்கள் கருகின. தைக்குள் பன்னிரண்டும் போயின. ஒரு வார்த்தை பேசாமல் ஆனிக்காகக் காத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் பட்டியலைப் படித்தார். பப்பாளி இரண்டு. அவரைப் பந்தல் ஒன்று. அவ்வளவுதான். வாழை இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல் குறிக்கோளுக்குப் போய்விட்டார். எழுந்து வந்தவன் பிறகு அங்கே போகவில்லை. ஸ்டேஷனுக்குக்கூட ரேஷன் கடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

இறந்து பத்து நாள் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இத உங்க கையிலதான் குடுக்கணும்னாரு. ரெண்டு தபா ஆள் உட்டாரே தம்பி. உங்களுக்கு வேலை இருந்திருக்கும்" என்றார்.

வேலை எதுவும் இல்லை. இரண்டு முறையும் வீட்டில்தான் இருந்தேன்.

இந்த வருடத்துத் தாள். முதல் வரி: 'வாழை பன்னெண்டு. நான். தண்ணி உப்புன்னு சொன்னாங்க, கேக்கல.' கீழே குறிக்கோள்கள். கொத்தவரை. கத்திரி. மூன்றாவது, 'வாழை, வாத்தியாரு சொல்ற எடத்துல.'

இந்த வரியை அவர் உங்கள் முன்னால் படித்துக் கேட்க வேண்டும் என்றுதான் இரண்டு வருடம் காத்திருந்தேன். வருகிற ஆனிக் கடைசி ஞாயிறு நானே படித்துவிடலாம். சிரித்தவர்கள் எல்லோரும் அங்கே இருப்பீர்கள். மூன்று நாளாக இந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காரணம், வாழைக்கும் குறிக்கோளுக்கும் நடுவில் இன்னொரு வரி இருக்கிறது. 'எலுமிச்சை ஒண்ணு.' அதற்கு எதிரே எதுவும் எழுதவில்லை, இடம் விட்டிருக்கிறார்.

அந்த எலுமிச்சை என் பொறுப்பு. உப்புத் தண்ணீர் ஆகாதென்று, அரிசி களைந்த நீரை வீட்டிலிருந்து வாளியில் கொண்டுபோய் ஊற்றி வளர்த்தேன். கோபித்துக்கொண்டு நான் தோட்டத்துக்குப் போகாமல் நின்ற முதல் கோடையிலேயே காய்ந்துபோனது. அதுவும் உப்பால் போனது என்று பேசிக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசிவரை அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதமாட்டேன். வாழையைப் பற்றி உயிரோடு இருக்கும்போதே அவர் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். மனசை நோகடிக்காத மனுஷன் என்ற வரியும் என்னிடமிருந்து வராது. அவருடையது என்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: விதையைத் தொடும் முன் செத்ததைச் சொல்லிவிடும் அந்த வழக்கம்.

எலுமிச்சைக்கு எதிரே எழுதிவிட்டேன். 'நான். நல்ல தண்ணி வீட்ல இருந்துச்சு, கொண்டுபோகல.'

காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவர் தாளையும், செயலாளர் கேட்டதற்குப் பதிலாக எழுதிய இதையும் அருகருகே மோட்டார் ரூம் கதவில் ஒட்டிவிடுவேன். அடியில் பெயர் போடச் சொல்லிச் செயலாளர் கேட்பார். போடப்போவதில்லை. அந்தக் கதவில் இதுவரை யாரும் போட்டதில்லை.