டைட்டானியம் பல் செட்டும் என் வயிற்றெரிச்சலும்

நல்லூரில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் டைட்டானியம் பல் செட் பற்றிப் பேசுவது எனக்கு அத்துப்படி. சில பற்கள் மட்டும் போனவர்களுக்கு, மிச்சமிருக்கும் பற்களில் கொக்கி மாட்டிக் கழற்றி மாட்டும் செட் அது. மெல்லியது, கனமே தெரியாது. சொல்லிச் சொல்லி வாய் தானாக ஓடும். அன்று ஓடவில்லை. காரணம் அந்த மனுஷன்.

கணவனும் மனைவியும் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரே பனியன் கம்பெனியில் டெய்லர்கள். பல் போனது அவளுக்கு. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது அவர். ஏதாவது உலோகம் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்றேன்.

"கவரிங் கம்மல் போட்டா இவளுக்குக் காது புண்ணாயிருமுங்க. இடது காது இன்னும் மோசமுங்க."

இடது காதாம்! என் வீட்டுக்காரரிடம் கேட்டால், எனக்குக் காது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்படியானால் டைட்டானியம்தான் நல்லது, ஆனால் இனி நூலைப் பல்லால் கடிக்கக் கூடாது என்றேன்.

"மிசின்லயே கட்டரைக் கட்டித் தொங்கவுட்டர்றனுங்க" என்றார்.

ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்றதும் அவள் முகம் வாடியது. "அப்ப வேண்டாமுங்க டாக்டரம்மா. பொக்கை வாயோட இவரு முன்னால எப்படிங்க?"

"ஏன் அம்மிணி, ஒரு மாசமா அந்த வாயைத்தான பாத்துட்டிருக்கறேன்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "கிண்ணத்துல தண்ணி நானே வெச்சர்றனுங்க."

அவள் அவர் கையில் ஒன்று போட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன!

அப்படியும் அவள் சம்மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாஸ்க்கை இறக்கி, என் வாயிலிருந்த செட்டைக் கழற்றிக் காட்டினேன்.

"அட, உங்களுக்குமுங்களா!" என்று எட்டிப் பார்த்தாள். உடனே தைரியம் வந்துவிட்டது. "சரிங்க, நானும் போட்டுக்கறேன்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "ராத்திரி கழட்டி வெக்கறப்ப உங்க ஊட்டுக்காரரு என்னங்க சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

பொய்யில்லை. இரண்டு வருடமாக வாஷ்பேசின் மேல் அவருடைய ஷேவிங் கிரீமுக்குப் பக்கத்தில்தான் என் கிண்ணம் இருக்கிறது. காலையில் அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் ஷேவ் செய்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை.